கட்டைக்கு அடியில் இருந்த முத்திரை

துப்பாக்கி செய்தே பிழைக்கும் எங்கள் ஊரான ஃபெர்லாக்கில் துப்பாக்கியின் மேலே பொறித்திருக்கும் பெயரை யாரும் நம்ப மாட்டோம். அது விற்றவனின் பெயர். ஒருவர் குழல் துளைப்பார், ஒருவர் இரும்பை ராவுவார், ஒருவர் அதை நெருப்பில் வைத்துக் கெட்டியாகும்படி பதம் போடுவார், ஒருவர் குழலைத் தாங்கும் மரக்கட்டையைச் செதுக்குவார். எல்லாம் முடிந்ததும் க்ராஸ், வியன்னா மாதிரி நகரத்தில் இருக்கிற கடைக்காரர் தன் பெயரைத் தங்கத்தில் பதித்துக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைப்பார். செய்தவரின் முத்திரை குழலுக்கு அடியில், கட்டைக்குள், மிளகு அளவுக்கு ஒளிந்திருக்கும். நெருப்பு வேலை பார்த்தவர்தான் அதை அடிப்பார். துப்பாக்கி வெடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் என்று அர்த்தம். ஆனால் அந்த முத்திரையைப் பற்றி வெளியே வாய் திறப்பது எங்கள் தொழிலில் பெரிய அசிங்கம். உள்ளே இருப்பது வேலைக்காரர்களுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

என் பெயர் அகாதே. அப்பா ப்ளாசியஸிடம் தொழில் கற்றேன். அவர் போன பிறகும் அதே பட்டறை, அதே முத்திரைதான். எங்கள் முத்திரை ஒரு தேவதாரு மரம். அதில் இடது பக்கக் கீழ்க்கிளை கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே முத்திரை அடிக்கும் அச்சு கல்தரையில் விழுந்து ஒரு மூலை தெறித்துவிட்டது. புதிய அச்சு செய்ய அப்பாவுக்கு மனம் வரவில்லை. யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க என் ஸ்க்ரூ டிரைவர், அரம் எல்லாவற்றிலும் அதை அடித்து வைத்திருக்கிறேன்.

பழைய வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்து, "இதை உண்மையில செஞ்சது யாரு?" என்று கேட்டால் பெரும்பாலும் கட்டையை அவிழ்க்காமலே சொல்லிவிடுவேன். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி வளைவு, ஸ்க்ரூ தலையின் வெட்டு, இவையெல்லாம் எனக்குக் கையெழுத்து மாதிரி. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அந்தத் திமிரோடுதான் செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், நானே சுட்ட ரைன்ட்லிங் கேக்கைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு, போடன்டால் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒஸ்வினின் வேட்டைக் குடிலுக்குக் காரை ஓட்டினேன்.

ஒஸ்வின் என் பள்ளிக்கூடத் தோழன். அதைவிட, எனக்குச் சம்பந்தியாகப் போகிறவன். என் மகள் யூடித்தும் அவன் மகன் க்ளெமென்ஸும் பனி விழுவதற்குள் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பையன் தங்கமானவன். என் தொண்டையில் சிக்கிய முள் அவனுடைய தாத்தா கஸ்பர்.

உலகப்போர் ஓய்ந்த வருஷங்களில் எங்கள் ஊரில் ராணுவத் துப்பாக்கிகள் விறகுபோலக் கிடந்தன. அவற்றின் போல்ட் ஓடும் இரும்புக்கூட்டை எடுத்து, ராணுவ முத்திரையை ராவி எறிந்து, நெருப்பில் இளக்கி, மேலே ஓக் இலை செதுக்கி, மறுபடியும் பதம் போட்டு வேட்டைத் துப்பாக்கியாக விற்றார்கள். பதம் சரியாக விழாத சிலதும் அதில் கலந்து போயின. ஒன்று ஒரு வனக்காவலரின் முகத்திலேயே வெடித்து, வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. முத்திரை இருந்த பகுதி தூள்தூளாகிவிட்டதால் யார் வேலை என்று காட்ட எதுவும் மிச்சமில்லை. அப்போது ஊரில் அதிகம் பதம் போட்டவர் கஸ்பர். வெள்ளிக்கிழமை மதுக்கடையில் கூடும்போதெல்லாம் கஸ்பர்தான் என்று ஊரே பேசியது. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரும் அவருக்கு வேலை தரவில்லை. காட்டில் மரம் வெட்டப் போய், மரம் விழுந்தே செத்தார்.

எங்கள் வீட்டில் யாராவது கஸ்பர் பேரை எடுத்தால் அப்பா ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார். அப்புறம் சாப்பிட மாட்டார். அவ்வளவு வெறுப்பு என்று நினைத்துக்கொள்வேன். அதே வெறுப்பை நானும் எடுத்துக்கொண்டேன்.

குடில் வாசலிலேயே ஒஸ்வின் நின்றிருந்தான்.

"வா சம்பந்தியம்மா. கேக் நீ பண்ணதா, கடையில வாங்கினதா?"

"நான் பண்ணதுதான். பயப்படாம சாப்பிடு."

"பயம் இருக்கத்தான் செய்யும். எனக்கு இருக்கறது நாலு பல்லுதான்."

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து யூடித் ஒரு துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேட்டை உரிமம் கைக்கு வந்து அவளுக்கு இது முதல் பருவம். மலை முழுக்க கொம்புமான்கள் துணை தேடிக் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சாயங்காலம் அவள் தன் முதல் மானை அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இருட்டியதும் வில்லாக்கிலிருந்து க்ளெமென்ஸ் வந்துவிடுவான், எல்லோரும் சேர்ந்து கொண்டாட வேண்டும். அதற்குத்தான் கேக்.

கேக்கை ஜன்னல் திட்டில் வைக்கப் போனேன். அங்கே சுட்டு முடித்த தோட்டாக் கூடுகள் வரிசையாக நின்றன. தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, பித்தளையைச் சுற்றி, மோதிரம் போட்ட மாதிரி ஒரு பளபளப்பு.

கொண்டை ஊசியை உருவி, நுனியை வளைத்து, கூட்டுக்குள் விட்டுத் தடவினேன். பளபளப்பு இருந்த இடத்தில் ஊசி சிக்கியது. உள்ளே பள்ளம். இன்னொரு கூட்டை எடுத்தேன். அதிலும் பள்ளம், முன்னதைவிட ஆழம்.

போல்ட்டைத் தாங்கும் இரும்பு மிருதுவாக இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் போல்ட் ஒரு மயிரிழை பின்னால் போகும். இடைவெளி கூடும். தோட்டாவின் பித்தளை அந்த இடைவெளியை நிரப்ப இழுபட்டு இழுபட்டு மெலியும். ஒரு நாள் இரண்டாகப் பிய்யும். அப்போது நெருப்பும் புகையும் முன்னால் போகாது, சுடுகிறவரின் கண்ணுக்குத்தான் திரும்பி வரும்.

"இந்தத் துப்பாக்கி எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்கப்பாவோடது," என்றான் ஒஸ்வின். குரலில் அப்படி ஒரு பெருமை. "கம்பளியில சுத்தி மச்சுல வச்சிருந்தாரு. சாகற வரைக்கும் ஒரு தடவைகூட சுட்டதில்ல. கட்டைய மட்டும் அவிழ்க்காதடான்னாரு, அவ்வளவுதான். வாரம் பூரா நானே சுட்டு குறி வச்சிருக்கேன். அடிச்ச இடத்துலயே அடிக்குது. நாளைக்கு ஊர்ல கேப்பாங்க இல்ல, எதால அடிச்சே பொண்ணேன்னு? கஸ்பர் துப்பாக்கியாலன்னு உன் பொண்ணு சொல்லணும்."

துப்பாக்கியை வாங்கிப் பார்த்தேன். குழல் மேல் க்ராஸ் கடை ஒன்றின் பெயர், தங்கத்தில். ராணுவ முத்திரை இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஓக் இலைகள். வனக்காவலர் முகத்தில் வெடித்ததும் இதே மாதிரி மாற்றிச் செய்த ராணுவத் துப்பாக்கிதான். யார் பதம் போட்டது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கஸ்பரின் முத்திரை ஒரு சின்ன மணி. கட்டையை அவிழ்த்தால் அது அங்கே இருக்கும்.

"இதால இவ சுடக் கூடாது. கட்டைய அவிழ்த்துப் பாக்கணும்."

"ஸ்க்ரூவைத் தொட்டா குறி போயிடும்னு உனக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பணும்."

அவன் சொன்னது சரிதான். கட்டையை அவிழ்த்துப் பூட்டினால் குண்டு வேறு இடத்தில் போய் விழும். பருவத்தின் நடுவில் எந்த வேட்டைக்காரனும் ஸ்க்ரூவைத் தொட விடமாட்டான்.

"அப்போ வேற துப்பாக்கி குடு. இந்தக் கூட்டைப் பாரு. பிய்யப் போகுது."

"பழைய தோட்டா. பித்தளை நீளத்தான் செய்யும்." அவன் கூட்டைக் கையில் வாங்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

"பித்தளை மேல பழியைப் போடாத ஒஸ்வின். உங்கப்பா பதம் போட்ட லட்சணம் ஊருக்கே தெரியும்."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோஜனம்? ஒஸ்வினின் முகம் செத்துப்போனது. யூடித் எழுந்தாள்.

"இதுக்குத்தானே இங்க வந்தே? கேக் எல்லாம் சாக்கு. கல்யாணம் நின்னுடணும், அவ்வளவுதான் உனக்கு."

"கண்ணு போயிடும்டி!"

"உனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு, க்ளெமென்ஸை ஒரு தடவையாவது நிமிர்ந்து பாத்தியா?"

என் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, தோட்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். ஒஸ்வின் கதவை மறித்து நின்றான்.

"விடு அவளை. மான் வராது, திரும்பி வந்துடுவா."

"வழியை விடு."

"அகாதே, கேளு. அந்தத் துப்பாக்கி கெட்டதுன்னா ஊர் சொன்னது நிஜமாயிடும். எங்கப்பா ஒருத்தன் கண்ணைப் பறிச்சவர் ஆயிடுவாரு. நான் இல்ல இல்லன்னு சொல்லியே வாழ்ந்துட்டேன். வாரம் பூரா சுட்டேன். ஒண்ணும் ஆகலையே. ஆகலைல்ல?"

அவனுக்கும் தெரிந்திருந்தது. கூடுகளை வரிசையாக அடுக்கி வைத்தவன் அந்த மோதிரத்தைப் பார்க்காமலா இருந்திருப்பான்?

"உங்கப்பா பேரைக் காப்பாத்த என் பொண்ணு கண்ணையா வைக்கறே?"

அவன் கதவிலிருந்து விலகினான். விலகிய பிறகு அவனும் என் பின்னால் ஓடி வந்தான். ஆனால் அவன் முழங்கால் தேய்ந்தவன். ஓடையைத் தாண்டும்போதே பின்தங்கிவிட்டான்.

மேலே புல்வெளியின் ஓரத்தில் பரண். அதற்குப் போகும் பாதை செங்குத்து. எனக்கு மூச்சு முட்டியது, காலில் ஷூவுக்குப் பதில் குடிலுக்குள் மாட்டிக்கொண்ட வீட்டுச் செருப்பு. பாதி வழியில் மான் கத்தியது. அடித்தொண்டையிலிருந்து எழும் அந்தச் சத்தத்தை எத்தனையோ பருவம் ஆசையோடு கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கேட்டு, கடவுளே, இதை ஓட்டிவிடேன் என்று வேண்டிக்கொண்டேன்.

மரங்கள் விலகியபோது எல்லாம் ஒரே சமயத்தில் தெரிந்தது. எதிர் ஓரத்தில் பெரிய கொம்புமான், பக்கவாட்டில், அசையாமல். இந்தப் பக்கம் பரணின் சட்டத்தின் மேல் துப்பாக்கிக் குழல், அதுவும் அசையாமல். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடினேன். அவள் விரல் விசை மேல் இருக்கும். என் சத்தத்தில் திடுக்கிட்டால் விரல் தானாக மடங்கிவிடும்.

வேறு வழி தெரியவில்லை. புல்வெளிக்குள் நடந்தேன். என் மேல் சிவப்பு ஸ்வெட்டர் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தால் போதும் என்று, கையை விரித்துக்கொண்டு, மானுக்கும் குழலுக்கும் நடுவே போய் அவளைப் பார்த்து நின்றேன். முதுகுக்குப் பின்னால் மான் காட்டை உடைத்துக்கொண்டு ஓடியது. நான் குழலின் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. இவ்வளவு பயம் எனக்குள் இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது.

குழல் மெல்ல மேலே போனது. போல்ட் திறக்கும் சத்தம் கேட்டது. தோட்டா ஒன்று பரணிலிருந்து விழுந்தது.

யூடித் ஏணியில் இறங்கி வந்தபோது அவள் பற்கள் தந்தியடித்தன. "தொலைநோக்கியில மானோட தோள் இருந்துச்சும்மா. விசையில பாதி அழுத்திட்டேன். அப்புறம் உன் மூஞ்சி வந்துச்சு." கட்டிக்கொண்டேன். திட்டவும் செய்தேன், என்ன திட்டினேன் என்று நினைவில்லை.

ஒஸ்வின் ஓடையருகே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். மூவரும் இறங்கினோம். குடிலுக்கு வந்ததும் யூடித் வெளியே விறகுக்கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒஸ்வின் துப்பாக்கியை மேஜையில் கிடத்தினான்.

"அவிழு."

"குறி போயிடுமே."

"கிண்டல் பண்ணாதே அகாதே. இனிமே இதை யாரு சுடப்போறா? மணி இருந்தா நானே இதை உடைச்சு ஆத்துல போடறேன். கல்யாணத்தைப் பத்தி நீ என்ன சொன்னாலும் சரின்னு கேட்டுக்கறேன்."

அவன் ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

காரிலிருந்து என் கருவிப் பையை எடுத்து வந்தேன். முன் ஸ்க்ரூ, பின் ஸ்க்ரூ. இரண்டும் பல வருஷமாக யாரும் தொடாதவை போல இறுகியிருந்தன. கட்டை ஒரு முனகலோடு கழன்றது. முதலில் இரும்புக்கூட்டின் அடிவிளிம்பில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். நல்ல பதமாக இருந்தால் அரம் வழுக்க வேண்டும். இது சோப்பில் ஓடுவதுபோல் கடித்துக்கொண்டு ஓடியது.

"சத்தம் கேட்டுச்சு," என்றான் ஒஸ்வின், திரும்பாமலே. "மிருதுதானே?"

"மிருதுதான்."

"சரி. முத்திரையைப் பாரு."

குழலுக்கு அடியில் பழைய எண்ணெய் தார்போல உறைந்திருந்தது. துணியால் தேய்த்தேன். மணியை எதிர்பார்த்துத்தான் தேய்த்தேன். மணியின் வளைவு எங்கே தொடங்கும் என்றுகூட எனக்குத் தெரியும். வளைவு வரவில்லை. நேராக ஒரு கோடு வந்தது. கோட்டின் வலது பக்கம் கிளைகள். இடது பக்கமும் கிளைகள். கீழே, இடது பக்கம், ஒன்று இல்லை.

கட்டைவிரலை அதன் மேல் வைத்து மூடினேன்.

"மணிதானே?" என்றான் அவன்.

"ம்" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அவனே இதை உடைத்து ஆற்றில் போட்டுவிடுவான். என் பட்டறையின் பெயர், ஒவ்வொரு ஞாயிறும் கல்லறையில் நான் மெழுகுவர்த்தி ஏற்றும் அப்பாவின் பெயர், எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். வெளியே யூடித் மூக்கைச் சிந்துவது கேட்டது. எனக்கு அப்பாவின் ஸ்பூன் ஞாபகம் வந்தது. சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதைச் சத்தமில்லாமல் வைப்பார். வெறுப்பு என்று நான் நினைத்ததற்கு வேறு பெயர் இருந்திருக்கிறது. அவமானத்தில் என் காது மடல் எரிந்தது.

"ஒஸ்வின், இங்க வா."

"மணின்னு வாயால சொல்லிடு. போதும்."

"வந்து பாரு."

வந்தான். விரலை எடுத்தேன். பக்கத்திலேயே என் ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன், முத்திரை மேலே தெரியும்படி. அவன் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தான். குழலைப் பார்த்தான். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தான். மறுபடியும் குழலைப் பார்த்தான்.

"இது உன்னோடது."

"எங்கப்பாவோடது. அப்ப நான் பொறக்கவே இல்ல."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். கோபப்படுவான், ஏதாவது எடுத்து எறிவான் என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கப்பா இதைப் பாத்திருப்பாருல்ல?"

"பாத்திருப்பாரு. அதனாலதான் அவிழ்க்காதேன்னு சொல்லியிருப்பாரு."

"கையிலேயே வச்சிருந்தாரு." ஒஸ்வின் மேஜையை மெல்லத் தட்டினான். "எங்க கிடைச்சுதோ, எப்படி வாங்கினாரோ. இதை ஒரு நாள் எடுத்துட்டுப் போய் மதுக்கடை மேஜையில போட்டிருந்தா முடிஞ்சுபோச்சு. முத்திரையைக் காட்டிக் கொடுக்கறது அசிங்கம்னு நினைச்சிருப்பாரு. அந்த அசிங்கத்தைப் பண்ணாம மரம் வெட்டப் போயிட்டாரு." அவன் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணீர் மீசைக்குள் இறங்கியது. "வெள்ளிக்கிழமை அந்த மேஜையில உங்கப்பாவும் உக்காந்திருப்பாருல்ல? எங்கப்பாவைப் பத்திப் பேசறப்போ?"

"உக்காந்திருப்பாரு."

"என்ன பண்ணிட்டிருப்பாரு?"

"பேசாம இருந்திருப்பாரு." எனக்கு அழுகை வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

கதவு திறந்தது. யூடித் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். மேஜையில் கட்டை தனியாகவும் இரும்பு தனியாகவும் கிடந்தன.

"யாரோடதும்மா?"

"உன் தாத்தாவோடது," என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"க்ளெமென்ஸ் தாத்தாவா?"

"இல்ல. உன் தாத்தா."

அவள் என்னையும் ஒஸ்வினையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்காராமல், ஒஸ்வின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சரிதான். அவள் அப்படிச் செய்யாவிட்டால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன்.

"சத்தமா சொல்லு அகாதே," என்றான் ஒஸ்வின். "வெள்ளிக்கிழமை மதுக்கடையில எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லணும்ல. இப்பவே பழகிக்கோ."

எழுந்து நின்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதை கஸ்பர் செய்யல. ப்ளாசியஸ் செஞ்சது. எங்கப்பா செஞ்சது."

ஒஸ்வின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"இன்னொரு தடவை," என்றான்.

சொன்னேன்.